சொல்லாத படி

பொழுது சாய்ந்தபின் ராஜா எங்கே வருகிறார் என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தம்பியின் குரல் முன்னால் வந்துவிடும். "படி... படி... படி..."

ராஜாவுக்கு மாலைக்கண். விளக்கை மூக்குக்கு நேரே பிடித்தாலும் இருட்டுதான். எதிரிக்குத் தெரிந்தால் நாடே போச்சு என்று விஷயத்தை வீட்டோடு வைத்திருந்தார்கள். தோளைப் பிடித்து நடந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் தம்பி இரண்டடி முன்னால் போவார், அண்ணன் கைவீசிக்கொண்டு பின்னால் வருவார். 'படி' என்றால் காலைத் தாழ வை. ஒன்றும் சொல்லாவிட்டால் சமதளம், தைரியமாக நட. புதிதாக வந்தவர்கள் இதையும் ஏதோ அரண்மனை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சபையில் வாய்க்கொழுப்புக்குப் பஞ்சமா? தம்பிக்குப் 'படியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஊருக்கெல்லாம் படி படின்னு சொல்வார், தான் மட்டும் ஒரு எழுத்தும் படிக்க மாட்டார்" என்று ஒருத்தர் சொல்ல, தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவர் மனைவி சின்னராணியால் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு மூளை இருந்தது, அதை வைக்கத்தான் இடமில்லை. எந்த வாய்க்காலை முதலில் தூர்வாரலாம், எந்தத் தளபதியை எங்கே மாற்றலாம் என்று அவள் காலையில் சொல்வதைத்தான் கணவர் மத்தியானம் சபையில் ஒப்பிப்பார். "தம்பி நல்லாச் சொன்னான்" என்று ராஜா மெச்சுவார். திரைக்குப் பின்னால் அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கணவரோ அம்மிகூட இல்லை, இளகின மனசுக்காரர். முதலில் கேலி செய்தாள். பிறகு அழுதாள். பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் வேலை செய்தது.

"மூத்தவருக்குப் பிள்ளை இல்ல. அவருக்கப்புறம் நீங்கதானே? அந்த அப்புறம் கொஞ்சம் முன்னாடி வந்தா என்ன?"

"அவர் எனக்கு அப்பா மாதிரி."

"நான் என்ன உங்களை ஏதாவது செய்யச் சொன்னேனா? ஒரே ஒரு தடவை சும்மா இருங்கன்னுதானே சொல்றேன். தொண்டை கட்டிக்கிச்சுன்னு நினைச்சுக்கோங்க."

சும்மா இருப்பது ஒரு பாவமா என்று கேட்டாள். கொடுமை என்னவென்றால், அதை அவளே நம்பினாள்.

மொட்டைமாடியில் காற்று வாங்கிவிட்டு அண்ணனும் தம்பியும் இறங்கிய ஓர் அந்தியில், அவள் கீழே தூண் ஓரமாக நின்றாள். "படி... படி..." என்று வந்த குரல் பாதியில் நின்றது. அங்கிருந்துதான் படிகள் செங்குத்தாக இறங்கும்.

ராஜாவும் நின்றார். "முடிஞ்சுதா தம்பி?"

தம்பி வாயைத் திறக்கவில்லை.

"சரி" என்றார் அண்ணன். கூடத்தில் நடப்பவரைப் போலக் காலை நீட்டி வைத்தார்.

கால் தவறிவிட்டது என்று ஊர் அழுதது. அழுகை ஓய்ந்ததும் முடி கைமாறியது. சின்னராணி ராணியானாள். தெரு முழுக்கத் தெரியும் பெரிய அறை கிடைத்தது. திரை போயிற்று, சபையில் அவள் பேசினால் தலைகள் ஆடின. படியார் என்று சொல்ல இப்போது எவனுக்கும் நாக்கு எழவில்லை.

கணவர் மட்டும் படுக்கையை அண்ணன் அறைக்கு மாற்றிக்கொண்டார். சபையில் "ராணி சொல்வதே சரி" என்பார். கதவைச் சாத்தினால் ஒரு வார்த்தை கிடையாது. நீளமான மேஜையில் அவள் தனியாகச் சாப்பிட்டாள். "சாப்பிட்டியாம்மா?" என்று அவளைத் தினமும் கேட்ட ஒரே ஆள் மூத்தவர்தான். அது அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ராத்திரியெல்லாம் அந்த ஒரு 'சரி' காதில் கேட்டது. எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார் மனுஷன் என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

கணவர் தினமும் அந்தியில் மாடிக்குப் போய்த் தனியாக இறங்குவார். யாருமில்லாத படிக்கட்டில் "படி... படி..." என்று குரல் வரும். ராஜாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வேலைக்காரர்கள் குசுகுசுத்தார்கள்.

ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் மாடிக்கே போனாள்.

"என்கிட்ட ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க."

அவர் இறங்கத் தொடங்கினார். "படி... படி..." இரண்டடி விட்டு அவளும் பின்னால் இறங்கினாள். அந்த வார்த்தை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். எத்தனை காலத்துக்கப்புறம் அவர் குரல் பக்கத்தில் கேட்கிறது!

பாதியில் குரல் நின்றது. அவளும் நின்றாள்.

"முடிஞ்சுதாங்க?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"நீ பார்த்து வா. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே மறுபடியும் "படி... படி..." என்று வேறு யாருக்கோ சொல்லும் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஒவ்வொரு படியும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி, வைக்க முடியாமல் அவள் நின்றாள்.