தொடக்கூடாத நரம்பு

…சீ, இந்த மவுஸ்கூடப் பிசுபிசுக்கிறது, காலையில் ஆய்வு வழிகாட்டி சேஷகிரி சார் மசால் தோசை தின்ற கையோடு இதைப் பிடித்திருக்கிறார், அந்த நெய் வாடை, அதற்கு மேல் தன் துப்பட்டாவிலிருந்தே எழும் எலி மூத்திர வாடை, இரண்டும் சேர்ந்து தாரணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நுண்ணோக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது, வெளியே பெங்களூரில் வெயிலா மழையா, யாருக்குத் தெரியும், திரையில் மட்டும் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். தொடை நரம்பை வெட்டிய எலிகளில் ஒளிரட்டும், யார் வேண்டாம் என்றது? நரம்பு அறுந்தால் முதுகுப் பக்கம் இருக்கும் செல்லுக்குச் சேதி போய்விடும், அரை நாளுக்குள் அது வழக்கமான வேலையை மூட்டை கட்டிவிட்டு, தூங்கிக் கிடந்த மரபணுக்களை எழுப்பி, ஒட்டுப்போடும் சரக்கைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும், அப்படி எழுந்த ஒன்றின் அடையாளம்தான் இந்தப் பச்சை. ஆனால் ஐந்தாம் எலியும் ஆறாம் எலியும்? ஒப்பிட்டுப் பார்க்க வைத்த எலிகள் ஆயிற்றே, தோலைத் திறந்து, நரம்பைத் தொடாமல் தைத்து மூட வேண்டியவை... தொடாமலா மூடினாய், தாரணி?

போட்டோவுக்காகத்தானே. நரம்பு படத்தில் சரியாகத் தெரியவில்லை, இடுக்கியால் கொஞ்சம் தூக்கினாள், வழுக்கியது, இறுக்கிப் பிடித்தாள், அந்த ஈர வெள்ளை நூல் நசுங்கியது விரலுக்கே தெரிந்தது, இப்போதும் தெரிகிறது, த்தூ. ஒன்றோடு விட்டாளா, இன்னொன்றிலும் அதே. ஒன்பது நாளைக்கு முன் சார் திரையைப் பார்த்து, "இதுல ஏம்மா ஒளிருது?" என்றபோது வாய் தானாகத் திறந்தது: "லட்சுமம்மா ரெண்டையும் ஒரே கூண்டுல போட்டுட்டாங்க சார், கடிச்சுக்கிச்சு போல." எங்கிருந்து வந்தது அந்தப் பொய், யோசிக்கக்கூட இல்லையே! எலிக்கூடத்தைக் கழுவித் தீனி வைக்கும் லட்சுமம்மா, லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர், சாப்டியா பாப்பா என்று கேட்காத நாளில்லை, அவர் தலையில் கொண்டுபோய்... எந்த நாக்கு அது, இந்த நாக்கா, காலையில் கூச்சமில்லாமல் எலுமிச்சைச் சாதத்தை ருசித்துத் தின்றதே, இதுவா?

இன்றைக்குத் தண்டுவடச் சீவல்களையும் பார்த்தாயிற்று. எலி எலியைக் கடித்திருந்தால், தோலிலிருந்து சேதி வாங்கும் செல்களில் நாலு விழித்திருக்கும், அதோடு சரி. இங்கே காலை அசைக்கும் செல்கள் வரிசையாகப் பச்சை. தொடையில் நரம்பே நசுங்கினால் ஒழிய இவை ஏன் விழிக்கப்போகின்றன? பொய் சொல்லத் தெரியாத சனியன்கள். ஆனால் இதை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. "அந்த ரெண்டையும் கணக்குலேர்ந்து எடுத்துடும்மா, சாயங்காலத்துக்குள்ள படத்த அனுப்பு, அந்தம்மா விஷயத்த நான் பாத்துக்கறேன்" என்று சார் சொல்லியாயிற்று. ஒரே ஒரு தட்டு, இரண்டு எலியும் காணாமல் போகும், மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். ஆட்காட்டி விரல் அழிக்கும் பொத்தான் மேல்தான் இருந்தது. எவ்வளவு அருவருப்பான விரல்.

கதவு திறந்தது. லட்சுமம்மா. உள்ளே வராமல் கையை மட்டும் நீட்டி, எலிக்கூடத்துச் சாவியை மேசை மேல் வைத்தார். "நாளைலேர்ந்து வராதேன்னு சார் சொல்லிட்டாரு பாப்பா."

என்ன சொல்வது, ஐயோ என்பதா, ஏன் என்று தெரியாதவள் போலக் கேட்பதா, கேட்டாலும் கேட்பாய்டீ நீ.

"அது ரெண்டும் மயக்கம் தெளிஞ்ச அன்னிக்கே கால இழுத்துச்சு. தனித்தனியாத்தான் போட்டிருந்தேன்," லட்சுமம்மா திரையைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லிக்கல. நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஆய்த்து, வரேன்."

அப்படியானால் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் இந்த ஒன்பது நாளும் சாப்டியா பாப்பா என்று... செல்லுக்கு விழித்துக்கொள்ள அரை நாள் போதுமாயிருந்தது. செருப்புச் சத்தம் படியில் இறங்கிக்கொண்டிருந்தது, கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், தாரணி வாயைத் திறந்தாள், தொண்டைக்குள் அந்த நெய் வாடைதான் ஏறி வந்தது.