எரியுதான்னு பாரு

ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்துத் தூங்குவது என்று வியாழக்கிழமையே முடிவு செய்திருந்தேன். வாரம் ஆறு நாள் மருந்துக்கடை கவுண்டரில் நின்ற கால்களுக்கு நான் கொடுத்த வாக்கு அது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அப்பா கார் சாவியையும் ஒரு சின்ன அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்து நீட்டினார். காரின் பின்பக்கம் வலது விளக்கு எரியவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். செவ்வாய்க்கிழமை அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதற்குள் பல்பை மாற்றியாக வேண்டும்.

"நீங்களே ரெண்டு நிமிஷத்துல மாத்திடுவீங்களேப்பா."

"கை கொஞ்சம் நடுங்குது. நீ மாத்தும்மா. நான் சொல்றேன்."

சொல்வதில் அவருக்கு எந்தக் குறையும் கிடையாது. முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, டிரைவர் சார் என்றால்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டத்தை விட மனசில்லாமல்தான் இந்தப் பழைய காரைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஆனால் வாரத்தில் மூன்று நாள் அம்மாவைக் கொண்டுபோய் விட்டு, நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டிவருவது அவர்தான். அவர் இருக்கிற தைரியத்தில்தான் நான் வேலைக்குப் போகிறேன்.

கார், ஷெட்டுக்குள் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டியபடி நின்றது. இடுக்கில் நுழைந்து டிக்கியைத் திறந்து, ஓரத்துத் துணியை விலக்கி, பல்பு மாட்டியிருந்த பிளாஸ்டிக் பிடியைத் திருகி எடுத்தேன். பல்பின் கண்ணாடி உள்ளே கருத்திருந்தது. அமுக்கித் திருப்பினால் வந்துவிட்டது. புதியதுதான் உள்ளே போக அடம்பிடித்தது. "அவசரப்படாதே. அதோட காது ரெண்டும் ஒரே உயரத்துல இருக்காது, மாத்திப் போட்டுப் பாரு" என்றார் அப்பா. சரியாகத்தான் சொன்னார். விளக்கு சுவிட்சைப் போட்டதும் மங்கலாக எரிந்தது. அணைத்தோம். பிரேக் பிடித்தால் பளிச்சென்று எரிய வேண்டும், அதுதான் பாக்கி. அப்பா டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"பிரேக்கை அழுத்துங்கப்பா."

"அழுத்திட்டேன். எரியுதான்னு பாரு."

எரியவில்லை. பல்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பெட்டியில் இருந்த இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்ததுதான் மிச்சம். பல்பு கொடுத்த கடைக்காரரை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினேன். அப்புறம்தான் இடது பக்கத்தைப் பார்த்தேன். நன்றாக இருந்த அதுவும் எரியவில்லை.

ஃப்யூஸ் போயிருக்கும் என்று நினைத்து முன்னால் போனேன். அந்தப் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. கதவைத் திறந்து குனிந்தேன். அப்பாவின் வலது கால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் பின்பக்கத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலை எடுத்துட்டு மறுபடி பிரேக் புடிங்கப்பா."

எடுத்தார். கொஞ்சமும் தயங்காமல் மறுபடி அதையே அழுத்தினார். "ஒயர்ல ஏதோ கோளாறு" என்றார்.

அம்மா எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அருகில் போனேன். எதுவும் கேட்பதற்குள் அவளே தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ரெண்டு மாசமா இப்படித்தான். நான் பக்கத்துல இருந்து சொல்லிடுவேன். நடுவுல இருக்கறதுதானே பிரேக், சிக்னல் வந்தா 'நடு'ன்னு ஒரு வார்த்தை. உடனே சரியா புடிச்சுக்குவார்."

"என்னம்மா சொல்ற? போறப்ப சரி. ஊசி எல்லாம் எடுத்து, துவண்டு போய் வருவியே, அப்ப?"

"தூக்கம் சொக்கும். தூங்காம கையைக் கிள்ளிக்கிட்டே உக்காந்திருப்பேன்." என் தோளை ஒருமுறை தொட்டாள். "அவர்கிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டார்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். வாரத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்ற கணக்கும் கூடவே ஓடியது, வெட்கமில்லாமல். திரும்பிச் சுவருக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றேன். அம்மா மெதுவாக நடந்து வந்து கார் ஜன்னலில் கை வைத்தாள்.

"ஏங்க, நடு."

இரண்டு விளக்கும் ஒன்றாகப் பளிச்சென்று எரிந்தன. சுவர் சிவந்தது.

"எரியுதாம்மா?" என்றார் அப்பா.

"எரியலப்பா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். மெக்கானிக்தான் பார்க்கணும். அவர் எப்ப வருவாரோ. செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுட்டு அம்மாவை டாக்ஸில கூட்டிட்டுப் போறேன்."

அம்மா ஜன்னலிலிருந்து சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை நல்லாப் பாரும்மா" என்றார் அப்பா. "விடாம அழுத்திப் புடிச்சிருக்கேன்."

என் கை இரண்டும் முழங்கைவரை சிவப்பாக இருந்தன.