விஜயபுரத்துத் தமிழ் வகுப்பு

ரோஹிணியின் கணினித் திரையில் அவள் ஊர் நாற்பத்திரண்டு புள்ளிகளாக இருந்தது. ஒரு புள்ளி ஒரு வீடு. பிள்ளை தமிழ் வகுப்பில் படித்தால் பச்சை, தெலுங்கு வகுப்புக்கு மாறினால் மஞ்சள். அக்கம்பக்கத்தில் எத்தனை வீடு மாறினால் தானும் மாறும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தாள். மனிதர்கள் கூட்டமாக எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கணினியில் நடத்திப் பார்ப்பதுதான் திருப்பதிக் கல்லூரியில் அவள் செய்துவந்த ஆராய்ச்சி.

ஆந்திராவில் விஜயபுரத்தை ஒட்டியிருந்த அந்த ஊர்ப் பள்ளியில், அவள் மூன்றாவது படித்தபோது தமிழ்ப் பிரிவில் முப்பது பேர். ஐந்தாவது முடிக்கையில் ஏழு பேர்தான் மிச்சம். பிறகு பிரிவையே மூடிவிட்டார்கள். முதலில் போனவள் காஞ்சனா. ரோஹிணியோடு ஒரே பலகையில் உட்கார்ந்து, பாவாடை மடியில் பச்சை வேர்க்கடலை கொண்டுவந்து பங்கு போட்டவள். அவளுடைய அப்பா முனிகிருஷ்ணன் அவளைத் தெலுங்கு வகுப்பில் சேர்த்துவிட்டார்.

வகுப்பை மூடிய அன்று, "உங்க நைனாவாலதான் எல்லாம் போச்சு" என்று ரோஹிணி நடுத்தெருவில் கத்தினாள். அதோடு பேச்சு நின்றது. அது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

இப்போது முனிகிருஷ்ணன் வீட்டை முதலில் மாறவிட்டுக் கணினியில் ஓட்டினாள். மூன்று வருடத்தில் ஊரே மஞ்சளானது. அந்த வீட்டை மாறவே விடாமல் பூட்டிவைத்து, வேறொரு வீட்டிலிருந்து தொடங்கி ஓட்டினாள். அப்போதும் மூன்றே வருடம். வேறு வேறு வீடுகளிலிருந்து தொடங்கி ஆயிரம் முறை ஓட்டியும் முடிவு பெரும்பாலும் அதேதான். எல்லா வீடுகளுக்கும் தமிழ் வகுப்பே விருப்பம் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. எண்களைப் போட்டவளே தான்தான், அதனால் இது சாட்சியாகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அன்று அவளால் மேற்கொண்டு வேலை செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் பஸ் மாறி ஊருக்குப் போனாள். காஞ்சனா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

ரோஹிணி விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். "உங்க நைனா மேல தப்பில்ல, காஞ்சனா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கம்ப்யூட்டர் சொன்னாதான் வருவியா நீ?" என்றாள் காஞ்சனா.

ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, காஞ்சனா தொடர்ந்தாள்: "தெலுங்கு கிளாஸ்ல உக்காந்தா, சுவத்துக்கு அந்தாண்ட நீங்க வாய்ப்பாடு சொல்றது கேக்கும். நானும் சத்தம் வராம கூடவே சொல்லிக்கினு இருப்பேன். சாருக்குத் தெரிஞ்சி ஒரு நாளு வெளியில நிக்க வெச்சாரு. நைனா ரெண்டு தபா வந்து, மறுபடி தமிழ்லயே சேத்துக்கங்கன்னு கேட்டாரு. 'அந்த கிளாஸே இருக்குமோ இருக்காதோ'ன்னு அனுப்பிட்டாங்க. போன வருசம் நைனா போய்ச் சேந்துட்டாரு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"நீதான் பேசலியே. சரி, வா. சோறு துன்னுட்டுப் போ."

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் இருவரும் போனில் பேசுகிறார்கள். காஞ்சனாவுக்குப் பிள்ளைகளோடு தெலுங்கு, ரோஹிணியோடு தமிழ். சில நேரம் ஒரு தமிழ் வார்த்தை வராமல் பாதியில் நின்றுவிடுவாள். ரோஹிணி எடுத்துக் கொடுப்பதில்லை. அவளாகச் சொல்லும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.