உதாரணத்தில் இருந்த முருகன்

சிவகாசியில் அந்த அச்சகத்தின் காலண்டர் படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் கிடந்தன. அதைக் கட்டி மேய்க்க மாரிசெல்வி ஒருத்திதான். சீசன் நெருங்கியதால் புரூஃப் பார்க்கும் அருணாதேவியையும் முதலாளி ஹரிபிரசாத் கம்ப்யூட்டர் ரூமுக்கு மாற்றினார். சரிவராவிட்டால் மதுரையிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

அருணாதேவிக்கு அந்தக் கறுப்புத் திரை புதிது. ஒரு கமாண்டுக்கு விளக்கம் கேட்டால் மெஷின் பக்கம் பக்கமாக இங்கிலீஷைக் கொட்டியது. அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் ஒருமுறை பிளக்கையே பிடுங்கப் போனாள். பார்த்த மாரிசெல்வி புதிதாக ஓர் ஏற்பாடு செய்தாள். ‘உதவி’ என்று அடித்து என்ன வேலை என்று சொன்னால் போதும். தமிழில் சுருக்கமாக விளக்கம் வரும், கீழே ஓர் உதாரணம் இருக்கும். செய்து முடித்ததும் மாரிசெல்விக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பழைய விநாயகர் ஃபோல்டரை அழிக்கும் வேலை வந்தது. அருணாதேவி உதவி கேட்டாள், உதாரணத்தைப் பார்த்தாள், எழுத்துப் பிசகாமல் அடித்தாள். விநாயகர் அசையாமல் இருந்தார். அச்சுக்குப் போகவிருந்த முருகன் போய்விட்டார்.

முந்தின ராத்திரி எடுத்து வைத்த காப்பியிலிருந்து முருகன் திரும்பினார். காலையில் செய்த கலர் திருத்தங்கள் போனது போனதுதான்.

“சாயங்காலத்தோட புரூஃப் செக்‌ஷனுக்கே போயிருங்கம்மா,” என்றார் ஹரிபிரசாத்.

அவர் போனதும் மாரிசெல்வி எரிந்து விழுந்தாள். “பேர மாத்தி அடிக்கணும்னு தெரியாதாக்கா?”

“எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு செல்வி. ஆனா ஓகே ஆன புரூஃப்ல நாம கைய வைக்கலாமா? பார்ட்டி கையெழுத்துப் போட்டுட்டா, இருக்கிறத அப்படியே அடிக்கிறதுதான நம்ம வேலை.”

மாரிசெல்விக்குச் சுருக்கென்றது. கைக்கு அகப்பட்டது என்று உயிரோடு இருந்த முருகன் ஃபோல்டரின் பெயரை உதாரணத்தில் போட்டவள் அவள்தான். சுவரில் சாம்பிள் காலண்டர் தொங்கியது. அதில் நிஜக் கடையின் பெயரை யாராவது போடுவார்களா? ‘உங்கள் கடையின் பெயர்’ என்றுதான் இருந்தது.

உதாரணத்தை மாற்றி எழுதினாள். பிறகு முதலாளியிடம் போய்த் தப்பு தன்னுடையது என்றாள். சாயங்காலம் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னாள்.

சாயங்காலம் ஹரிபிரசாத் பின்னால் நிற்க, அருணாதேவி உதவி கேட்டாள். வந்த உதாரணத்தைப் பழையபடியே அச்சு அசலாக அடித்தாள். மாரிசெல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

‘உங்கள் ஃபோல்டரின் பெயர்’ என்று ஒரு ஃபோல்டரே இல்லை என்றது மெஷின். எதுவும் அழியவில்லை.

அருணாதேவி திரையை உற்றுப் பார்த்தாள். “அட, சாம்பிள் காலண்டர்ல கடைப்பேரு போடுற எடம் மாதிரி இருக்கே இது.”

யாரையும் கேட்காமல் விநாயகர் என்று அடித்து என்டரைத் தட்டினாள். விநாயகர் போனார், முருகன் இருந்தார். “அடுத்து எத அழிக்கணும் செல்வி?”

“மெதுவாம்மா, மெதுவா,” என்றார் ஹரிபிரசாத். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். “புரூஃப் செக்‌ஷனுக்கு வேற ஆள் யாராச்சும் இருந்தா சொல்லுங்க.”