பதினாலு மக்னீன்

மகள் மனேல் இயற்கை மன்றத்துக்காக எழுதி வைத்திருந்த நோட்டை, லாயித் தன் சவரக்கடையில் நின்றபடியே புரட்டினார். 'எங்கள் தெருவில் பார்த்த பறவைகள்: சிட்டுக்குருவி இருபது, புறா ஏழு, மக்னீன் பதினாலு.' அதற்கு நேரே பொடி எழுத்தில், 'எல்லாம் கூண்டில்.'

அந்தப் பதினாலில் ஒன்று அவருடையது. சிவந்த முகமும் இறக்கையில் மஞ்சள் கோடுமாக ஒரு பிடிகூட இருக்காது. பாட வாயைத் திறந்தால் போதும், அன்னாபா நகரத்துக் கிழடுகட்டைகள்கூடப் பாதிச் சவரத்தோடு எழுந்து வந்து நின்று கேட்கும். எட்டு வருஷம் முன்னால், மலையில் பசைக் குச்சி வைத்து அவரே பிடித்தது. இது தெரிந்த நாளிலிருந்து, மூன்று வாரமாக, மனேல் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் எதிரே உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுப் போனால் பெற்றவனுக்குத் தொண்டையில் சோறா இறங்கும்?

அன்றைக்குப் பார்த்து அவளுடைய டீச்சர் ஸுலீகாவே கடைக்கு வந்தார்.

"லாயித் அண்ணே, சனிக்கிழமை பிள்ளைங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு தடவை போயும் ஒரு மக்னீன் கண்ணுல படலை. உங்களுதைக் கொண்டு வாங்களேன். அது பாடினா காட்டுல இருக்கிறது வருமாமே?"

"வரும் டீச்சர். அப்படித்தானே பிடிக்கிறது," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாற்காலியில் நுரை முகத்தோடு இருந்தவர் விடவில்லை. "நல்லா இருக்கு! பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறீங்க!"

சனிக்கிழமை, மலைச்சரிவில் பூத்துக் காய்ந்த முட்செடிகளுக்கு நடுவே கூண்டை மாட்டித் துணியை விலக்கினார். பறவை பாடியது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் போனது. மேலே எங்கிருந்தோ பதில் குரல். ஒன்றே ஒன்று இறங்கி வந்து முட்செடித் தலையில் தொற்றியது.

"ஐயோ, இதுக்குக் கம்பியே இல்லை!" என்றது ஒரு வாண்டு.

லாயித்தின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. பறவை பிடிக்கப் போகும்போது போடும் அதே பழைய சட்டை. உள்ளே பசை டப்பா. நிமிர்ந்து பார்த்தால், எல்லாரும் பறவையைப் பார்க்க மனேல் மட்டும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாபா, பையில என்ன?"

எடுத்து அவள் கையில் வைத்தார். "பழக்கம்டி. வேற ஒண்ணுமில்லை. சத்தியமா."

டப்பாவைப் பார்த்தாள். பிறகு கூண்டை. "அதைத் திறந்து விட்டுடலாமா?"

"எட்டு வருஷமாக் கிண்ணத்துல தின்னதும்மா. வெளியே விட்டா ரெண்டு நாள் தாங்காது." அதை அப்படி ஆக்கியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வந்த பறவை, அலகில் முட்செடிப் பஞ்சோடு கூண்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்தது பாட்டை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. மனேல் நெருங்கி வந்து அவருடைய வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாசமா, காவலா, அவருக்குப் பிடிபடவில்லை. எதுவாயிருந்தாலும் சரி என்று கையை அசைக்காமல் நின்றார். மேலிருந்து ஒரு துளிப் பஞ்சு கம்பிகளுக்கு நடுவே மெல்ல உள்ளே இறங்கியது.