ஒரு ஆள் தூக்கம் தாங்கும் விமானம்

அந்த ஊரில் தூக்கம் தானாக இறங்கி வராது. அவரவர் தூக்கம் அவரவர் வீட்டுக்கு மேலே, தென்னை உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் மொட்டை மாடியில் நின்று ரிமோட் விமானம் விட்டு, கொக்கியில் மாட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இது குழாயடியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. மாற்றலாகி வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

பரஞ்சோதி அப்படி மாற்றலாகி வந்த சர்வேயர். வந்த நாளிலிருந்து அவனும் மனைவி சுகந்தியும் கண் மூடவில்லை. அவனாவது ஆபீஸ் மேஜையில் தலையைச் சாய்த்துச் சும்மா கிடப்பான். சுகந்தி பாவம், ரசத்தில் சர்க்கரை போட்டாள், திறந்து கிடந்த கதவுக்குச் சாவி தேடினாள். ஒரு நாள் துணி காயப்போடப் போனவள் ஈரச் சேலையைப் பிடித்தபடி நின்று அழுதுவிட்டாள்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாங்க. ஒரே ஒரு ராத்திரி தூங்கினாப் போதும்."

மறுநாளே கடைத்தெருவில் விமானம் விற்கும் காஜா பாயிடம் போனான்.

கடைக்குள் நுழைந்ததும் அவன் கண் நேராக வெள்ளி நிறப் போர் விமானத்தில் போய் விழுந்தது. புதிதாக வாங்க வருகிறவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் முதலில் தொடுவார்கள். சொல்லிச் சொல்லி பாய்க்கு வாய் வலித்துப்போயிருந்தது.

"அதுல கை வைக்காதீங்க சார். அது விடத் தெரிஞ்சவங்களுக்கு. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள தரையில குத்திடும். உங்களுக்குத் தெர்மாகோல்தான் சரி. இறக்கை உடம்புக்கு மேல உட்கார்ந்திருக்கணும். அப்பதான் நீங்க தப்பு பண்ணாலும் அதுவா நிமிர்ந்துக்கும்."

அவர் எடுத்துவைத்ததைப் பார்த்தால் விமானம் மாதிரியே இல்லை. டிவி வாங்கினால் பெட்டிக்குள் அடைத்து வருமே, அதற்கு இறக்கை வைத்தது போலிருந்தது. ரிமோட் நாலு சேனலாவது இருக்கட்டும் என்றார் பாய். வேகத்துக்கு ஒன்று, ஏற இறங்க ஒன்று, வாலைத் திருப்ப ஒன்று, இறக்கையைச் சாய்க்க ஒன்று. பேட்டரி இரண்டு. ப்ரொப்பெல்லர் மட்டும் கைநிறைய அள்ளிப் போட்டார். முதலில் உடைவது அதுதானாம்.

"ரெண்டு பேர் தூக்கத்தைத் தாங்குமா பாய்?"

"ஒரு ஆளுக்குத்தான் தாங்கும். ரெண்டு ஆளுக்குன்னா இஞ்சின் வச்சது வேணும். அதை இப்பவே தொட்டீங்கன்னா தூக்கமும் போச்சு, மாடியும் போச்சு."

பரஞ்சோதிக்கு யோசிக்கக்கூடத் தெம்பில்லை. "இதையே குடுங்க. அவ தூங்கட்டும்" என்றான்.

"ஒண்ணு மறந்துடாதீங்க. விமானம் உங்களைப் பார்த்து வரும்போது இடது வலதாயிடும், வலது இடதாயிடும்."

தலையாட்டினான். அதற்கென்ன, தூக்கமில்லாதவன் தலை தானாகவே ஆடும்.

அன்று மாலை காற்று அடங்கியதும் விட்டான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஏறியது. போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி அவனைப் பார்த்து வரும்போது கொஞ்சம் விலகியது. வீட்டுக்கு நேராகக் கொண்டுவர இடது பக்கம் தள்ளினான். அது சாவகாசமாக அடுத்த வீட்டுப் பக்கம் சாய்ந்தது. பதறிப்போய் இன்னும் இடது பக்கமே தள்ளினான். அடுத்த வீட்டுக்கு மேலே கொக்கியில் ஏதோ கனமாக மாட்டியது. விமானம் தள்ளாடி வந்து கொடியில் காய்ந்த போர்வையில் விழுந்தது. ப்ரொப்பெல்லர் போயிற்று, தூக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருடையதாக இருந்தால் என்ன என்று அள்ளிக்கொண்டுபோய் சுகந்தி மேல் போர்த்தினான். "அப்பாடா" என்றாள். அடுத்த மூச்சு குறட்டையாக வந்தது.

இருட்டியதும் அடுத்த வீட்டு எஸ்தாக்கி கையில் ரிமோட்டோடு வந்தார். தபால்காரராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"தம்பி, என் தூக்கம் இங்கயா வந்திருக்கு?"

"ஆமாங்க. இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பட்டுமா?" என்றான் பரஞ்சோதி.

எஸ்தாக்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "வேண்டாம், தூங்கட்டும். என் வீட்டுக்காரி அதுக்குள்ளதான் இருக்கா. செத்ததுலேருந்து அங்கதான் குடியிருப்பு. நான் தினம் போய்ப் பார்த்துட்டு வருவேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்குக் காணலையேன்னு தேடுவா" என்றார்.

இருட்டில் தூக்கம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் விமானம் விடுவதில்லை. இருவரும் கொட்டாவி விட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

விடியும்போது சுகந்தி எழுந்து வந்தாள். முகம் நேற்றைவிட வாடியிருந்தது.

"நல்லாத் தூங்கினியா?"

"எங்கங்க தூங்க விட்டாங்க? ராத்திரி பூரா அந்த அக்கா பேச்சுதான். புது ஆள் முகம் பார்த்து எத்தனை காலமாச்சுன்னு கையை விடவே இல்ல. நான் எழுந்திரிக்கிறப்போ நானும் வரேன்னு கூடவே வந்துட்டாங்க."

உள்ளே யாரோ முகம் கழுவும் சத்தம் கேட்டது. எஸ்தாக்கி எழுந்து நின்று சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"அவங்களுக்குக் காபியில சர்க்கரை வேண்டாமாம்" என்றாள் சுகந்தி, கண்ணைக் கசக்கியபடி.

பரஞ்சோதி பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினான்.