ஆறு மைக்ரான்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாட்ச்மேன் முதல் நர்ஸ் வரை எல்லோருக்கும் அவள் மைக்ரான் அக்காதான். கண்ணுக்கு முன்னால் கண்ணாடிபோல் நிற்கிற கருவிழியின் கனத்தை அளப்பது அவள் வேலை. கண்ணை மரத்துப்போகவைக்கும் சொட்டு மருந்தை விட்டு, பேனா மாதிரி இருக்கும் முனையைக் கருவிழிமேல் நேராக வைப்பாள். மெஷின் 'பீப்' என்னும், எண் வரும். மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான். நல்ல கண்ணுக்கு ஐந்நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் வரும். முனை கொஞ்சம் சாய்ந்தாலும் எண் கூடிவிடும். அதனால் நாலைந்து தரம் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே குறைந்ததைத்தான் எழுதவேண்டும். அதில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

வருகிறவர்களையெல்லாம், "கண்ணைக் கசக்காதீங்க, கையை எடுங்க முதல்ல" என்று அதட்டுவாள். வீட்டில் அவள் பெற்ற மகள் மூன்று வருஷமாகக் கசக்கிக்கொண்டிருந்தாள். "ராத்திரி பகலா போனைப் பாத்தா அரிக்காம என்ன பண்ணும்?" என்று திட்டியதோடு சரி. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸின் நம்பரே தெரியவில்லை என்று மகள் ஒருநாள் சொன்னபோதுதான் தாய் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

கசக்கிக் கசக்கியே வலது கண்ணில் கருவிழி மெலிந்து, கூம்புபோல் பிதுங்கி, தழும்பே விழுந்துவிட்டது. அதற்கு இனி வேறொருவர் கண்தான் வரவேண்டும். இடது கண்ணில் கூம்பல் ஆரம்பித்திருந்தது. பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு கண்.

அதைக் காப்பாற்ற வழி இருந்தது. கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் நிறச் சொட்டு மருந்தை ஊறவிட்டு, நீல ஒளி பாய்ச்சினால் கருவிழி இறுகும். போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வை நிற்கும். ஆனால் தோலை எடுத்தபின் நானூறு மைக்ரானாவது கனம் இருந்தாகவேண்டும். அதற்குக் குறைந்தால் ஒளி அடிவரை போய், உள்பக்கம் இருக்கும் செல்களைக் கருக்கிவிடும். அவை திரும்ப முளைப்பதில்லை. கருவிழி வெளுத்துப்போகும்.

"சொந்தப் பிள்ளைக்கு நீங்க அளக்க வேணாம்மா," என்றார் டாக்டர். "அளக்குற இன்னொரு பொண்ணு லீவு முடிஞ்சு வரட்டும்."

"மூணு மாசத்துல இருபது மைக்ரான் போயிருக்கு சார். அவ வர்றதுக்குள்ள இன்னும் எவ்வளவு போகுமோ. என் கை நடுங்காது."

டாக்டர் அரைமனசாகத் தலையாட்டினார்.

ஆபரேஷன் அன்று அவள் கை நடுங்கவில்லை என்பது உண்மைதான். தோலை எடுத்து, மஞ்சள் மருந்தை ஊறவிட்டதும் முந்நூற்று எண்பத்தைந்து வந்தது. கருவிழியை ஊறவைத்து உப்பவைக்கும் சொட்டு மருந்தை நர்ஸ் விட ஆரம்பித்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. அப்புறம் தொண்ணூற்று நாலு. அப்புறமும் தொண்ணூற்று நாலு. ஆணியடித்த மாதிரி அங்கேயே நின்றுவிட்டது.

மகள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். இமைகளை ஒரு கிளிப் விரித்துப் பிடித்திருந்தது. எண்களெல்லாம் அவள் காதிலும் விழுந்தன.

"கடைசியா ஒரு தடவை பாருங்க," என்றார் டாக்டர், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல். "வரலேன்னா கட்டுப் போட்டு அனுப்பிடுவோம்."

ஆறே ஆறு மைக்ரான். ஒரு தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இத்தனூண்டுக்காகவா என் பிள்ளை குருடாகணும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு கூடும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். சாய்த்தாள். தெரிந்தேதான் சாய்த்தாள். மெஷின் 'பீப்' என்றது.

"நானூத்தி மூணு சார்."

"அப்பாடா," என்றாள் நர்ஸ், விளக்கைக் கீழே இறக்கிக்கொண்டே.

மகள் படுத்தபடியே சிரித்தாள். "நான்தான் சொன்னேன்ல, அம்மா அளந்தா வந்துடும்னு. எனக்குப் பயமே இல்லை டாக்டர். வேற யாராவது அளந்திருந்தாதான் பயந்திருப்பேன்."

தாய் மகளின் விரிந்த கண்ணையே பார்த்தாள். நீல ஒளி நர்ஸின் கையுறைமேல் வட்டமாக விழுந்தது.

"நில்லுங்க," என்றாள் தாய். "முனையைச் சாய்ச்சுட்டேன் சார். வேணும்னுதான் சாய்ச்சேன். முந்நூத்தித் தொண்ணூத்தி நாலுதான் இருக்கு."

நர்ஸ் விளக்கை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை.

"ஏம்மா?" என்றாள் மகள். சாய்த்ததற்குக் கேட்டாளா, ஒப்புக்கொண்டதற்குக் கேட்டாளா என்று தாய்க்கு விளங்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன் பாப்பா," என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் நர்ஸைப் பார்த்துத்தான் பேசினார். "கிளிப்பை எடுத்துடுங்க. கண்ணு திறந்தே இருந்து காத்துல காயுது, அதான் ஏற மாட்டேங்குது. இமையை மூடி வெச்சு, அப்பப்பத் திறந்து சொட்டு விடுங்க. இன்னும் பத்து நிமிஷம் பாப்போம். அதுக்கு மேல நான் பொறுப்பெடுத்துக்க முடியாது."

அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் வேண்டாத சாமி இல்லை. கிளிப்பைத் திரும்ப மாட்டியதும் முனையை வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து தரம் வைத்தாள். எல்லாவற்றிலும் குறைந்தது எதுவோ அதைச் சொன்னாள்.

"நானூத்தி ஒண்ணு."

டாக்டர் கையை நீட்டினார். "இங்க குடுங்க."

பதினான்கு வருஷமாக அவருக்கு எண் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள்கூட அவர் அதைத் திரும்ப அளந்து பார்த்ததில்லை. இன்று அவரே முனையை வாங்கி, குனிந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து முறை வைத்தார். அவள் சுவரோரமாகப் போய் நின்றாள்.

"நானூத்தி ஒண்ணுதான்," என்றார். "லைட்டைப் போடுங்க."

நீல ஒளி மகளின் கண்மேல் இறங்கியது. தாய்க்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண் தப்பித்தது என்ற சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. டாக்டர்மேல் அவளுக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் அவளே இருந்திருந்தாலும் அளந்துதான் பார்த்திருப்பாள்.

ஒளி பாயும் அரைமணி நேரத்தில் நடுவே ஒருமுறை அளக்கவேண்டும். அந்த நேரம் வந்ததும் பழக்கத்தில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். டாக்டர் முனையைக் கீழே வைத்திருக்கவே இல்லை. அது அவர் கையிலேயே இருந்தது.